தியானத்தில் எவ்வளவு முயல்வது? – கேள்வி பதில்

கேள்வி (கிளிநொச்சி): ஐயா, அதிகாலையில் ஒரு மணி நேரம் மூச்சைக் கவனித்து அமர்கிறேன். முயற்சியைக் கூட்டக் கூட்ட நெற்றி இறுகித் தலை கனக்கிறது. இன்னும் உறுதியாக முயல வேண்டுமா?

பதில்: வேண்டாம், அந்த இறுக்கமே முயற்சி மிகுந்துவிட்டதற்கு அடையாளம். இராசகிருகத்தின் அருகே சீதவனத்தில் சோணர் என்ற துறவி, பாதம் வெடித்து இரத்தம் கசியும்வரை நடைத்தியானம் செய்தும் விடுதலை கிட்டாததால், இல்லறத்துக்கே திரும்பலாமா என்று எண்ணியதாக பௌத்தத் துறவியரின் ஒழுக்க நூலான விநய பிடகத்தின் மகாவக்கம் என்ற பகுதி கூறுகிறது. அவர் முன்பு வீணை வாசித்தவர். ஆகவே நரம்பு மிக இறுகினாலோ மிகத் தளர்ந்தாலோ இசை பிறக்குமா என்று புத்தர் அவரிடம் கேட்டார். மிகுந்த முயற்சி பதற்றத்தையும், குறைந்த முயற்சி சோம்பலையும் தரும் என்று விளக்கினார். இதை வாசிப்போர் பலர், நடுவில் நிலையான ஓரிடம் இருப்பதாக எண்ணிவிடுகிறார்கள். வீணைக்காரரோ வாசிக்க அமரும் ஒவ்வொரு முறையும் காதால் கேட்டே சுருதி சேர்க்கிறார். நேற்றைய இறுக்கம் இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம். நீங்களும் தாடையையும் தோள்களையும் தளர்த்தி, மூச்சைத் தேடிப் போகாமல், அது வந்து போவதை அறிந்திருங்கள்.

கேள்வி (மாங்குளம்): வயல் வேலை முடிந்து இரவில் அமர்ந்தால் தூங்கிவிடுகிறேன். இது சோம்பலா?

பதில்: சிறுபோக வெயிலில் பகல் முழுவதும் நின்ற உடம்பின் களைப்பைச் சோம்பல் என்று பழிப்பது நியாயமன்று. தூங்கி வழிந்த தம் தலைமைச் சீடர்களில் ஒருவரான மொக்கல்லானருக்குப் புத்தர், காதுகளை இழுத்துவிடுதல், கண்களை நீரால் கழுவி விண்மீன்களைப் பார்த்தல், நடத்தல் முதலிய வழிகளைச் சொல்லிவிட்டு, அவையும் உதவாவிட்டால் விழிக்கும் எண்ணத்தோடு வலப்பக்கமாகப் படுக்கச் சொன்னார். அந்தக் கடைசி அனுமதி எனக்கு மிகவும் பிடித்தது. முடிந்தால் விடியலில் அமருங்கள்.

கேள்வி (வவுனியா): முயற்சி என்பது எண்ணங்களை விரட்டுவதுதானா?

பதில்: எழுந்த தீமையை நீக்குதல், புத்தர் சொன்ன நால்வகை முயற்சிகளில் ஒன்று மட்டுமே. எழாத தீமையைத் தடுத்தல், எழாத நன்மையை எழுப்புதல், எழுந்த நன்மையைப் பேணுதல் ஆகியவையும் உண்டு. பயிரைப் பார்த்துத்தான் குளத்தின் துருசை (மதகை) திறக்கிறோம்; மனம் ஏற்கெனவே அமைதியாக இருக்கையில் பேணுவது மட்டும் போதும்.

கேள்வி (முல்லைத்தீவு): கண்களை மூடினால் 2009 வந்துவிடுகிறது. பொறுத்துக்கொண்டு அமர வேண்டுமா?

பதில்: அம்மா, வேண்டாம். உடனே கண்களைத் திறந்து, பாதங்கள் நிலத்தில் படுவதை உணர்ந்து, எழுந்து நடவுங்கள். அன்றைக்கு அத்துடன் நிறுத்துவதும் சரியான முயற்சியே. நினைவுகள் தொடர்ந்து வருத்தினால், அனுபவமுள்ள ஓர் உளவளத்துணையாளரைச் சந்தியுங்கள். அதுவரை தனியே நெடுநேரம் அமராமல், வெளிச்சம் இருக்கும்போது, முற்றத்தில் உறவினர் ஒருவர் அருகிருக்க, ஐந்து நிமிடம் நடந்தால் போதும்.