சோதனையில் சிக்கவில்லை என்பது மட்டும் போதுமா?

உங்கள் அபிமான சைக்கிள் வீரர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதே இல்லை, ஆனாலும் நண்பர்கள் ஏமாற்றுக்காரர் என்கிறார்கள், என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஒரு வாதத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கும் வருடக்கணக்கில் அதைத்தான் சொன்னார். 2012-இல், பிரான்ஸில் நடக்கும் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸில் அவர் வென்ற 7 பட்டங்களும் ஊக்கமருந்துக் குற்றத்துக்காகப் பறிபோயின. அவரைக் கவிழ்த்ததில் பெரும்பங்கு சக வீரர்களின் சாட்சியத்துக்கு.

அதற்காகப் பந்தயத்தில் வேகமாக மலைப்பாதை ஏறியவரெல்லாம் குற்றவாளியா? சைக்கிள், டயர், அன்றைய காற்று எல்லாமே நேரத்தைக் குறைக்கும். ரத்தப் பரிசோதனை அளவுகளில் பிசகு வந்ததா, சாட்சி யாராவது உண்டா என்று நண்பர்களைக் கேளுங்கள். அப்புறம், சோதனையில் சிக்கியவரெல்லாம் வேண்டுமென்றே ஏமாற்றியவர் அல்ல என்பதற்கு டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப்பையும் நினைவூட்டுங்கள். மாசுபட்ட சப்ளிமென்ட்தான் காரணம் என்று ஏற்று, அவருடைய 4 ஆண்டுத் தடையை 2024-இல் விளையாட்டு நடுவர் மன்றம் 9 மாதமாகக் குறைத்தது. அதற்குள் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆடாமலே போயிருந்தது.