கத்திரி வெயிலில் குச்சி இனிப்பு: உருண்டை ஏன் நழுவுகிறது, சாக்லேட் ஏன் வெளுக்கிறது?

கேள்வி: கோபிச்செட்டிபாளையத்திலிருந்து எழுதறனுங்க. சித்திரை கடைசியில பாப்பாவுக்குப் பொறந்தநாள். 30 கொழந்தைக வருவாங்க. வீட்டுல ஓவன் இல்லீங்க. போன வருசம் பேக்கரி கேக்கை உதிர்த்து, கிரீம் போட்டுப் பிசைஞ்சு, எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, ராத்திரி பூரா ஃப்ரீசர்ல வெச்சேன். காலையில கடைச் சாக்லேட்டைக் கொஞ்சம் பால் விட்டு உருக்கி முக்குனேன். பாதி உருண்டை குச்சியிலிருந்து நழுவி விழுந்துருச்சு. மீதி வெடிச்சு, வெள்ளை வெள்ளையாப் பூத்துப் போச்சுங்க. இந்த வருசம் எப்படிப் பண்றதுங்க?

பதில்: ஓவன் இல்லாதது ஒரு குறையே இல்லைங்க. போன வருடம் கெடுத்தது வெயிலும் ஈரமும்தான். குச்சியில் ஏற்றும் இனிப்பைச் சித்திரையில் ருசி பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எத்தனை மணிக்குக் கொடுக்கப் போகிறோம், அது எவ்வளவு நேரம் வெளியே இருக்கும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் உருண்டை நழுவியது ஏன் என்று பார்ப்போம். பேக்கரி கேக்கில் ஏற்கெனவே ஈரம் உண்டு. அதில் கிரீமும் சேர்ந்தால் மாவு களியாகிவிடும், குச்சியைப் பிடிக்க அதற்குத் தெம்பு இருக்காது. எலுமிச்சம்பழ அளவு உருண்டை 40 கிராமுக்கு மேல் நிற்கும். மெல்லிய காகிதக் குச்சிக்கு 20 கிராம்தான் சரியான பாரம், அதாவது ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. முதல் இரண்டு உருண்டைகளைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டால் மற்றவை கைக்கணக்கிலேயே வந்துவிடும்.

வெடித்ததற்குக் காரணம் ஃப்ரீசர். உறைந்த உருண்டையைச் சூடான சாக்லேட்டில் முக்கினால் மேல்பூச்சு உடனே இறுகிவிடும். பிறகு உள்ளே இருக்கும் உருண்டை குளிர் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விரியும். இறுகிய பூச்சுக்கு விரியத் தெரியாது, அதனால் கீறல் விடும். உருண்டையை ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்தாலே போதும். முக்குவதற்கு 5 நிமிடம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள்.

வெளுத்தது இரண்டு விதமாக நடக்கும். விரலால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். வழுவழுவென்று மறைந்தால் அது கொழுப்பு. சாக்லேட் அதிகம் சூடாகி, முறையாக இறுகாததால் மேலே கிளம்பியது. மணல்போல நெருடினால் அது சர்க்கரை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் மேலே வியர்த்து, அந்த நீரில் சர்க்கரை கரைந்து, பிறகு காய்ந்து படிந்தது. இரண்டையும் சாப்பிடலாம், உடம்புக்கு ஒன்றும் செய்யாது. பார்க்கத்தான் நன்றாக இருக்காது.

பால் விட்டதுதான் பெரிய பிழை. சாக்லேட் என்பது சர்க்கரைத் தூளும் கோகோத் தூளும் கொழுப்பில் மிதப்பது. அதில் சில சொட்டு நீர் விழுந்தாலும் தூள்கள் ஈரமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சாக்லேட் களிமண்போலத் திரண்டுவிடும். கரண்டியில் ஒட்டிய ஈரம், கொதிநீரின் ஆவி, கழுவித் துடைக்காத கிண்ணம் எல்லாமே இந்த வேலையைச் செய்யும். அப்படித் திரண்டதை மறுபடி முக்குவதற்கு மீட்க முடியாது. சூடான பாலில் கலக்கிக் குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுத்துவிடுங்கள்.

கோகோ வெண்ணெயில் செய்த சாக்லேட் 34 டிகிரிக்குள் உருகிவிடும். நம் பக்கம் கத்திரியில் வீட்டுக்குள்ளேயே அந்தச் சூடு இருக்கும். ஈரோடு, கரூர் வெளிவெயில் 40 டிகிரியைத் தாண்டுவதும் வாடிக்கை. அதனால் கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் 'காம்பவுண்ட்' கட்டியையே வாங்குங்கள். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு இருக்கும். ருசியில் ஒரு படி குறைவுதான். ஆனால் சூட்டை ஓரளவு தாங்கும், பதம் பிடிக்கும் வேலையும் இல்லை, உருக்கினால் போதும்.

இனி அளவு. ஈரமுள்ள கேக்குக்குப் பதில் இந்த முறை பிஸ்கட் தூளில் உருட்டுவோம். 30 உருண்டைக்கு மேரி பிஸ்கட் 320 கிராம், பால் பவுடர் 30 கிராம், கண்டென்ஸ்டு மில்க் 225 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 25 கிராம். மொத்தம் 600 கிராம் வரும், ஆளுக்கு 20 கிராம். ஊத்துக்குளி வெண்ணெய் வீட்டில் இருந்தால் தாராளமாகப் போடத் தோன்றும். மார்கழியில் அப்படிச் செய்யலாம், சித்திரையில் வேண்டாம். வெண்ணெய் அறைச் சூட்டில் இளகி உருண்டையைத் தொளதொளக்க வைக்கும். கண்டென்ஸ்டு மில்க் வெயிலில் இளகாது, அதனால்தான் பிடிப்புக்கு அதை நம்புகிறோம்.

பிஸ்கட்டை மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். சிறு துண்டு கிடந்தாலும் அந்த இடத்தில்தான் உருண்டை பிளக்கும். பால் பவுடரைக் கலந்து, உருக்கி ஆறவைத்த வெண்ணெயை விட்டு, கண்டென்ஸ்டு மில்க்கில் 200 கிராம் மட்டும் முதலில் ஊற்றிப் பிசையுங்கள். கைப்பிடியில் அழுத்திப் பாருங்கள். விரல் தடம் பதிந்து நிற்க வேண்டும், இரண்டாக உடைத்தால் உதிரக் கூடாது. உதிர்ந்தால் மீதி 25 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் பாலோ தண்ணீரோ தெளிக்க வேண்டாம். பிஸ்கட் ஊறிக் களியாகும், சீக்கிரம் கெட்டும் போகும். உருட்டிய உருண்டைகளை மூடி போட்ட டப்பாவில் 1 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

குச்சி விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் மிட்டாய்க் குச்சி 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை, எங்காவது கிடைத்தாலும் வாங்காதீர்கள். கூர்முனை மூங்கில் குச்சியைக் குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது. 15 சென்டிமீட்டர் காகிதக் குச்சி போதும், பழத்துக்குத் தட்டையான ஐஸ் குச்சி.

உருக்குவதற்கு 400 கிராம் காம்பவுண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். 30 உருண்டைக்குச் செலவாவது 300 கிராம்தான் இருக்கும். ஆனால் ஆழம் இல்லாவிட்டால் முக்க முடியாது. மிஞ்சுவதை பட்டர் பேப்பரில் ஊற்றி இறுக விட்டு அடுத்த முறைக்கு வைக்கலாம். கட்டியைப் பொடியாக நறுக்கி, உலர்ந்த கிண்ணத்தில் போட்டு, லேசாகக் கொதிக்கும் நீருக்கு மேல் வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரில் படக் கூடாது. முக்கால்வாசி உருகியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள், மீதியை இருக்கிற சூடே உருக்கும். 50 டிகிரிக்கு மேல் போனால் சாக்லேட் கெட்டியாகி மங்கிவிடும். ஒரு சொட்டைக் கீழுதட்டில் வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. ரொம்பக் கெட்டியாக இருந்தால் 200 கிராமுக்கு 1 டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் விடலாம். அதற்கு மேல் போனால் பூச்சு வெயிலில் இளகும். செக்கு எண்ணெயின் வாசம் சாக்லேட்டை அமுக்கிவிடும், அதனால் இதற்கு மட்டும் வாசமில்லாத எண்ணெய் நல்லது.

உருகிய சாக்லேட்டை உயரமான எவர்சில்வர் டம்ளருக்கு மாற்றுங்கள். அகலக் கிண்ணத்தில் உருண்டையைப் புரட்டிப் புரட்டி எடுக்கும்போதுதான் அது குச்சியை விட்டுக் கழன்றுகொள்ளும். முதலில் குச்சி முனையை 1 சென்டிமீட்டர் சாக்லேட்டில் தொட்டு, உருண்டையின் பாதி ஆழம் வரை குத்துங்கள். அடுத்த பக்கம் வரை போனால் உருண்டை பிளந்து குச்சியோடு கீழே சறுக்கும். எல்லாவற்றுக்கும் குச்சி ஏற்றி 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் அந்தச் சாக்லேட் உள்ளே பசைபோல இறுகிக்கொள்ளும். போன வருடம் விட்டுப்போனது இதுவாகத்தான் இருக்கும். பிறகு நேராக இறக்கி, நேராகத் தூக்குங்கள், கலக்க வேண்டாம். உருண்டையும் குச்சியும் சேரும் கழுத்துவரை சாக்லேட் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வளையம்தான் பூட்டு. அது இல்லாத உருண்டை, குழந்தை கடிக்கும்போது தரையில் கிடக்கும். ஒரு கையில் குச்சியைப் பிடித்து, மறு கையால் மணிக்கட்டைத் தட்டிக்கொண்டே மெல்லத் திருப்பினால் மிச்சம் வடிந்து பூச்சு சமமாகும். வறுத்த எள், உலர் தேங்காய்த் துருவல், பொடித்த கடலை மிட்டாய் எதைத் தூவினாலும் அரை நிமிடத்துக்குள் தூவ வேண்டும், அப்புறம் ஒட்டாது.

நிறுத்தி வைக்க ஒரு படி நிறைய அரிசியைக் கொட்டிக் குச்சியைச் செருகுங்கள். தார் வெட்டிய வாழைமரத்தின் தண்டில் ஒரு முழத்தை நறுக்கி மேசையில் படுக்க வைத்துச் செருகினால் இன்னும் அழகு, கோபியில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் தண்டு ஈரம் கக்கும், காகிதக் குச்சி சீக்கிரமே ஊறித் தலை சாயும். அதில் மரக்குச்சியை மட்டும் செருகுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், சாயங்காலம் வரை மேசையில் நிற்க வேண்டும் என்றால் சாக்லேட்டை விடப் பொரி உருண்டையையே நாங்கள் சொல்வோம். எந்த வெயிலுக்கும் அது அசையாது. பொரி 100 கிராம், வறுத்துத் தோல் நீக்கி உடைத்த நிலக்கடலை 75 கிராம், வெல்லம் 200 கிராம், தண்ணீர் 60 மில்லி, ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்கு. இதில் 16 குச்சி வரும். 30 பேருக்கு இரண்டு தடவை செய்யுங்கள். ஒரே தடவையில் இரட்டிப்பாகக் கிளறினால் பிடித்து முடிப்பதற்குள் பாகு இறுகிவிடும். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை பக்கத்திலேயே கிடைக்கிறதே, பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் போகிறதே என்று தோன்றலாம். அது அருமையான சரக்குதான். இந்த வேலைக்கு மட்டும் மளிகைக் கடையில் 'பாகு வெல்லம்' என்று கேட்டு வாங்குங்கள்.

பொரி நமுத்திருந்தால் வெறும் வாணலியில் 3 நிமிடம் புரட்டி மொறுமொறுப்பாக்குங்கள். வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, மிதமான தீயில் காய்ச்சுங்கள். ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். அதற்கு முன்பே இறக்கினால் பாகு பொரியில் ஊறி, மறுநாள் குச்சி தானே கழன்று வரும். அதைத் தாண்டி விட்டால் கசக்கும், பல்லையும் சோதிக்கும். அடுப்பை அணைத்து, பொரியும் கடலையும் கொட்டிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் உள்ளங்கையில் நெய் தடவிக்கொள்ளுங்கள். உருட்டிய பிறகு குத்தினால் விரிசல் விடும். அதனால் குச்சியை நடுவில் வைத்து, கலவையை அதைச் சுற்றி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒருவர் குச்சி நீட்ட, ஒருவர் பிடிக்க, இரண்டு பேர் இருந்தால் நிதானமாக முடியும். பாகு பட்டால் தோல் வெந்துவிடும், குழந்தைகளை இந்த நேரத்தில் சமையல்கட்டுக்குள் விடாதீர்கள். ஆறியதும் எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடினால் 3 நாள் மொறுமொறுப்பு போகாது.

எள்ளுருண்டையைக் குச்சியில் ஏற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். இடித்த எள்ளில் எண்ணெய் கசிந்து குச்சியை வழுக்கிவிடும்.

இன்னொன்று கதலிப்பழம். அளவு குச்சிக்கென்றே செய்ததுபோல இருக்கும். நன்கு பழுத்தும் கருக்காத பழத்தைத் தோலுரித்துக் குறுக்கே பாதியாக்கி, ஐஸ் குச்சி செருகி, ஃப்ரீசரில் 3 மணி நேரம் வைத்து, சாக்லேட்டில் முக்கினால் கண்ணெதிரே சில நொடியில் இறுகும். இதைக் குளிர்ச்சியோடு அப்போதே சாப்பிடுவதால் கீறல் பற்றிய கவலை இல்லை. தர்பூசணி போன்ற நீர் கசியும் பழங்களில் சாக்லேட் ஒட்டவே ஒட்டாது. மார்ஷ்மெல்லோ வாங்குவதானால் பச்சைப் புள்ளி பாருங்கள், பலவற்றில் ஜெலட்டின் இருக்கும், சைவக் குடும்பங்களுக்கு ஆகாது.

உங்கள் விழா மாலை 5 மணி என்று வைத்துக்கொண்டால், பொரி உருண்டையை முதல் நாளே பிடித்துவிடுங்கள். பிஸ்கட் உருண்டையையும் அன்று ராத்திரி உருட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். வெயில் ஏறுமுன் காலை 8 மணிக்கு முக்கி முடித்து, மூடி போட்ட டப்பாவில் கீழ்த் தட்டில் வையுங்கள். வந்த பிள்ளைகள் தண்ணீருக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து மூடுவார்கள், அதற்குத் தனியாக ஒரு பானை வைத்துவிடுவது நல்லது. பரிமாறுவதற்கு 15 நிமிடம் முன்பு டப்பாவை வெளியே எடுங்கள், மூடியை மட்டும் உடனே திறக்காதீர்கள். வியர்வை டப்பாவின் மேல் படியும், சாக்லேட் உலர்ந்தபடி இருக்கும். ஒரே நேரத்தில் 30ஐயும் அடுக்காமல் பத்துப் பத்தாகக் கொண்டு வாருங்கள்.

அழைப்பு சொல்லும்போதே நிலக்கடலையோ பாலோ ஒத்துக்கொள்ளாத பிள்ளை யாராவது உண்டா என்று பெற்றோரைக் கேட்டுவிடுங்கள். 5 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கடலைத் துண்டு தொண்டையில் சிக்கும். அவர்களுக்குப் பொரி உருண்டையைக் கடலை போடாமல், நன்றாகப் பொடித்த பொரியில் தனியாகப் பிடித்து, குச்சி இல்லாமல் தட்டில் கொடுங்கள்.