மனு கொடுத்தோம், அப்புறம்?

இந்த முறை வந்த கேள்விகளில் ஆறை எடுத்துக்கொள்கிறேன். எல்லாமே நாலைந்து பேர் வேலை பார்க்கும் சின்னத் தொண்டு நிறுவனங்களிலிருந்து வந்தவை. திட்ட அறிக்கையில் 'அட்வகசி' என்று ஒரு பத்தி எழுதச் சொன்னால் மிரண்டுபோகிறார்கள். நம் ஊரில் 'போய்க் கேட்கிறது' என்று சொல்வோமே, அதுதான் அது. யாரிடம் போகிறோம் என்பதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கியவள்தான்.

இரண்டு வருடமாகத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். எதுவும் நடக்கவில்லை. கலெக்டரை நேரில் பார்த்தால் நடக்குமா? (கடலூர் முதுநகர்)

கேள்வியோடு அனுப்பிய மனு நகலைப் படித்தேன். ஒரே தாளில் ஏழு கோரிக்கை. பட்டா, தெருவிளக்கு, முதியோர் உதவித்தொகை, சுடுகாட்டுப் பாதை, இன்னும் மூன்று. பட்டா தாசில்தாருடையது. தெருவிளக்கு மாநகராட்சியுடையது. உதவித்தொகை சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாருடையது. இந்தத் தாளை எந்த ஆபீஸுக்குக் குறித்து அனுப்புவார்கள்? முதலில் கண்ணில் பட்ட கோரிக்கைக்கு உரிய இடத்துக்குப் போகும். மற்ற ஆறும் அங்கே போய்த் தூங்கும். 'எங்கள் துறை சார்ந்ததல்ல' என்று ஒரு பதில் வரும், மனு முடிந்ததாகக் கணக்கு எழுதிவிடுவார்கள்.

தானே புயல் 2011 டிசம்பர் 30-ல் அடித்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. முந்திரிக் கொட்டை உடைத்துப் பிழைத்த பெண்களுக்கு உதவி கேட்டு நாங்கள் வேளாண்மைத் துறைக்கு மனு எழுதினோம். நூற்றுச் சொச்சம் கையெழுத்து, புகைப்படங்கள், செய்தித்தாள் நகல் எல்லாம் வைத்தோம். அங்கே இருந்தவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "நிலம் யார் பேர்ல இருக்கும்மா?" பயிர் நிவாரணம் நிலத்தை வைத்துத்தான் கணக்கு. எங்கள் பெண்களுக்கு ஒரு சென்ட் கிடையாது. அவர்கள் தொழிலாளர்கள், போயிருக்க வேண்டியது தொழிலாளர் துறைக்கும் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்துக்கும். அது புரிவதற்குள் மூன்று மாதம் போய்விட்டது. அவர் எங்களை விரட்டவில்லை. அவர் கையில் அந்த அதிகாரமே இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. எழுதுவதற்கு முன் இதற்கான உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவர் யார் என்று விசாரியுங்கள். அந்த ஆபீஸின் கிளார்க்கைக் கேட்டாலே பெரும்பாலும் சொல்லிவிடுவார். மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டை வாங்குங்கள். எண் இல்லாத மனு கொடுக்காத மனுதான். முப்பது நாற்பது நாள் கழித்தும் சத்தம் இல்லையென்றால் முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-ல் பதிவு செய்யலாம். அதைவிட எனக்குப் பிடித்தது தகவல் உரிமைச் சட்டம். 'என் மனு எந்தெந்தத் தேதியில் யார் யாரிடம் இருந்தது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, கோப்புக் குறிப்பின் நகல் தருக' என்று கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நிறுவனத்தின் லெட்டர்பேடில் மட்டும் அனுப்பாதீர்கள். சட்டம் குடிமக்களுக்குத்தான் அந்த உரிமையைத் தருகிறது, யாராவது ஒருவர் தன் சொந்தப் பெயரில் கேட்க வேண்டும். மனு நகர்ந்த வழி தெரிந்த பிறகு கலெக்டரைப் பாருங்கள். அப்போது கேட்பதற்கு உங்களிடம் ஒரு விஷயம் இருக்கும்.

கடலூரில் நடந்த பயிற்சிக்கு வந்தேன். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள் என்றார்கள். எங்கள் ஊரில் அதை யார் கூட்டுவது? (பாகூர்)

சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த பாகூருக்கும் தமிழ்நாட்டுக் கடலூருக்கும் நடுவில் ஆறு ஒன்றுதான். ஆனால் நிர்வாகம் அடியோடு வேறு. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தலே 1968-க்குப் பிறகு 2006-ல்தான் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்ததும் மறுபடி பல வருடம் தேர்தல் இல்லை. தலைவர், கவுன்சிலர் இல்லாத காலத்தில் கொம்யூன் பஞ்சாயத்து (அங்கே கிராமப்புற உள்ளாட்சி அமைப்பு) ஆணையர்தான் எல்லாம்.

அதனால் உங்களுக்கு வழி வேறு. தெரு, வாய்க்கால், குப்பை என்றால் ஆணையர். அதற்கு மேல் துறை இயக்குநர், செயலர், அமைச்சர், துணைநிலை ஆளுநர். சில கோப்புகள் அமைச்சரோடு முடியாது, துணைநிலை ஆளுநரின் ராஜ்நிவாஸ் வரை போகும். ரேஷனில் அரிசியா பணமா என்று அமைச்சரவைக்கும் ஆளுநருக்கும் நடந்த இழுபறி உங்களுக்கே நினைவிருக்கும். அமைச்சர் ஒப்புக்கொண்டார் என்று பட்டாசு வெடித்துவிடாதீர்கள். கோப்பு அதற்கு மேலேயும் போக வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தகவல் உரிமையில் இரண்டாவது மேல்முறையீடும் உங்களுக்குச் சென்னைக்கு அல்ல, டெல்லியில் இருக்கும் மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போகும்.

ஒரு வசதியும் உண்டு. உங்கள் சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 30 பேர்தான். தொகுதி சின்னது. எம்.எல்.ஏ. காலையில் எந்த டீக்கடையில் நிற்பார் என்பதுகூட உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடலூர்க்காரர்களுக்கு அது வாய்க்காது.

எங்கள் களப்பணியாளர்கள் குப்பத்தில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். அதிகாரி முன்னால் வாயே திறப்பதில்லை. நிறுவனர் ஐயா மட்டும்தான் பேசுகிறார். பேச்சுப் பயிற்சி கொடுக்க யாராவது இருக்கிறார்களா, அக்கா? (தேவனாம்பட்டினம்)

பேச்சுப் பயிற்சியாளர் வேண்டாம். பட்டிமன்றத்துக்கா போகிறீர்கள்? அதிகாரி உங்களுக்கு ஒதுக்குவது மூன்று நிமிஷம். அதில் ஒரு நிமிஷத்தை அவருடைய போன் சாப்பிட்டுவிடும்.

அடுத்த வாரக் கூட்டத்தில் இதைச் செய்து பாருங்கள். உங்களில் ஒருவர் அதிகாரியாக உட்காரட்டும். நிமிர்ந்தே பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கட்டும், நடுவில் போன் எடுக்கட்டும், 'இது எங்க டிபார்ட்மென்ட் இல்லம்மா' என்று சொல்லட்டும். எதிரே நிற்பவர் நாங்கள் யார், என்ன நடந்தது, எந்த உத்தரவு வேண்டும் என்று மூன்றே வாக்கியத்தில் சொல்லி முடிக்க வேண்டும். முதல் தடவை எல்லாரும் நிறுவனத்தின் வரலாற்றில் ஆரம்பிப்பார்கள். 'எங்கள் நிறுவனம் கடந்த பதினைந்து ஆண்டுகளாக...' என்று தொடங்கும்போதே அதிகாரியாக இருப்பவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். நாலு முறை செய்தால் பழகிவிடும். சிரித்துச் சிரித்தே பயம் போய்விடும்.

இன்னொன்று, நிறுவனர் ஐயாவைப் பற்றி. அவர் அறைக்குள் இருக்கும்வரை வேறு யாரும் பேச மாட்டார்கள். அதிகாரியும் அவரைப் பார்த்துத்தான் பேசுவார். ஒரு முறை அவரை வெளியே டீ குடிக்க அனுப்பிவையுங்கள். அவர் வருத்தப்பட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

களப்பணியாளரைவிட நன்றாகப் பேசக்கூடியவர் ஒருவர் இருக்கிறார். மீன் விற்கிற அந்த அம்மாதான். சந்தையில் தண்ணீர்க் குழாய் இல்லையென்றால் என்ன ஆகும் என்று அவர் சொன்னால் அதிகாரி பேனாவைக் கீழே வைப்பார். ஆனால் அவரை அழைத்துப்போகும் நாளில் அவருக்கு வியாபாரம் போகிறது. பஸ் காசும் அன்றைய கூலியும் கொடுக்க பட்ஜெட்டில் ஒரு வரி வையுங்கள். அப்புறம், அவர் பேச வேண்டியதை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். மனப்பாடம் செய்து பேசினால் அது உங்கள் குரலாகிவிடும்.

வெளியே வந்ததும் யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அதிகாரி மாறிக்கொண்டே இருப்பார், நோட்டு மாறாது.

இப்படிக் கோரிக்கை, ஆர்ப்பாட்டம் என்று போனால் எங்கள் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு ரத்தாகிவிடும் என்று எங்கள் போர்டில் ஒருவர் பயமுறுத்துகிறார். (லாஸ்பேட்டை)

பயம் முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனு கொடுப்பதும் மக்கள் பிரச்சினைக்காகக் கூடுவதும் அரசியல் ஆகிவிடாது. பந்த், மறியல் போன்றவற்றைக் கையாண்டாலே வெளிநாட்டு நிதி பெற முடியாத 'அரசியல் தன்மை கொண்ட அமைப்பு' ஆகிவிடுமா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. தீவிர அரசியலிலோ கட்சி அரசியலிலோ ஈடுபடாமல் பொதுக் காரியத்துக்காக அப்படிப் போராடும் அமைப்பை அந்த வகையில் சேர்க்க முடியாது என்றது. கட்சி மேடை, வேட்பாளருக்கு ஆதரவு இதெல்லாம் கூடவே கூடாது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தம் நிர்வாகச் செலவை 20 சதவீதத்துக்குள் அடக்கிவிட்டது, வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதையும் தடுத்துவிட்டது. பல நிறுவனங்கள் மாட்டிக்கொள்வது கோஷத்தால் அல்ல, கணக்கால். உங்கள் ஆடிட்டரை ஒரு நாள் போர்டு கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஓர் ஆலை வரப்போகிறது. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு எப்படித் தயாராவது, மேடம்? (பரங்கிப்பேட்டை அருகே)

முதலில் கூட்டம் உண்டா என்று பாருங்கள். தொழிற்பேட்டைக்குள் வரும் சில திட்டங்களுக்கு விலக்கு இருக்கிறது. உண்டு என்றால், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய மத்திய அரசின் 2006 அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்னதாகவே அறிவிப்பு வர வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அந்த 30 நாளும் படிப்பதற்குத்தான், ஆள் திரட்டுவதற்கு மட்டும் அல்ல. அறிக்கையில் உங்கள் ஊர்க் குளம் இருக்கிறதா, வலை காய வைக்கும் இடத்தைக் 'காலி நிலம்' என்று போட்டிருக்கிறார்களா என்று ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். இந்த வேலையில் அவர்கள்தான் நிபுணர்கள்.

கூட்டத்தைப் புறக்கணித்தால் அது நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். இத்தனை பேர் வந்தால்தான் நடக்கும் என்று விதியே கிடையாது. எழுத்திலும் கொடுங்கள், பேசவும் செய்யுங்கள். முடிவில் நடவடிக்கைக் குறிப்பை மக்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். அதுவரை யாரும் கலைந்து போகாதீர்கள். சொன்னது விடுபட்டிருந்தால் எழுந்து கேட்பதற்கு அந்த நேரம்தான் உண்டு.

தொழிற்சாலை வந்துவிட்ட ஊர்களுக்கும் ஒரு வார்த்தை. கடலூர் சிப்காட் (அரசுத் தொழிற்பேட்டை) பகுதி கிராமத்து ஆட்கள் 2004 வாக்கில் சாதாரண வாளியை வைத்துக் காற்று மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். எந்த நேரத்தில் என்ன நாற்றம் வந்தது என்றும் குறித்துவைத்தார்கள். 'மூச்சு முட்டுகிறது' என்பது புலம்பலாகப் போய்விடும். மணியும் தேதியும் காற்றடித்த திசையும் எழுதிய நோட்டைத் தள்ளிவைப்பது கஷ்டம்.

பாதிக்கப்பட்ட சிறுமியின் கதையைப் படத்தோடு வெளியிட்டால் கவனம் கிடைக்கும் என்கிறார்கள். முகத்தை மறைத்துப் போடலாமா? (நெல்லிக்குப்பம்)

வேண்டாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், பெயர், முகவரி, படம், பள்ளி, குடும்ப விவரம் என்று அடையாளம் காட்டக்கூடிய எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. முகத்தை மறைத்துவிட்டு, பின்னால் வீட்டு வாசலும் பள்ளிச் சீருடையும் தெரிகிற படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நெல்லிக்குப்பம் மாதிரி ஊரில் வாசல் கோலத்தை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.