அந்தச் செடி ஹீரோவைத் தின்னா என்ன?

அன்புள்ள சார்,

போன வாரம் 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' பாத்தேன், அந்த 1986 படம். செம காமெடி. அப்புறம் தேடிப் படிச்சா, ஒரிஜினல் மேடை நாடகத்துல அந்த ரத்தம் குடிக்கற செடி ஹீரோ ஹீரோயின் ரெண்டு பேரையும் தின்னுடுமாம், படத்துல மட்டும் கல்யாணம் பண்ணி அனுப்பி வச்சிருக்காங்க. மேடையில ஜெயிச்ச முடிவை சினிமாக்காரங்க ஏன் சார் இப்படிக் கெடுக்கறாங்க? துட்டுக்குப் பயந்துதானே?

— ஒரு வாசகர், திருச்சி

வணக்கம்.

துட்டும் ஒரு காரணம்தான். ஆனா எடுத்த எடுப்புலயே பயந்துட்டாங்கன்னு சொல்ல முடியாது. டைரக்டர் ஃப்ராங்க் ஆஸ் மொதல்ல நாடக முடிவைத்தான் எடுத்தாரு, ராட்சசச் செடிங்க நியூயார்க்கை இடிச்சுத் தள்ற மாதிரி மினியேச்சர் செட்டெல்லாம் போட்டு, பல மில்லியன் டாலர் கொட்டி. ரிலீசுக்கு முன்னாடி ஜனங்களுக்குப் போட்டுக் காட்டற டெஸ்ட் ஸ்க்ரீனிங்ல பாட்டுக்குப் பாட்டு கைதட்டுன ஜனம், ஜோடி செத்ததும் கப்சிப். அப்புறம்தான் முடிவை மாத்தி எடுத்தாங்க. இத்தனைக்கும் திரைக்கதை அதே ஹோவர்ட் ஆஷ்மன், 1982ல நாடகத்தை எழுதி டைரக்ட் பண்ணவரு. ஹீரோயின் ஆட்ரியா வர்ற எலன் கிரீனும் மேடையில நடிச்சவங்கதான். அப்ப என்னதான் மாறுச்சு?

என்னக் கேட்டா, செடி மாறுச்சு. மேடையில அது பொம்மை, உள்ள ஒரு ஆள் உக்காந்து ஆட்டறாருன்னு கடைசி வரிசைக்கும் தெரியும், அது ஹீரோவை முழுங்குனா சிரிப்புதான் வரும், ஏன்னா கொஞ்ச நேரத்துல அந்த ஹீரோவே வெளிய வந்து கும்பிடு போடுவாரு. சினிமால செத்தவங்க திரும்ப வந்து கும்பிட மாட்டாங்களேன்னு ஆஸே சொல்லிருக்காரு.

படத்துலயும் பொம்மைதான், கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் கிடையாது, ஆனா பெருசானப்புறம் அதை ஆட்டறதுக்கு ஒரு படையே வேணும். அவ்ளோ பெரிய உதடு பாட்டு வேகத்துக்கு அசையாது, அதனால நொடிக்கு 24 ஃப்ரேம் ஓட வேண்டிய கேமராவை 16, 12னு குறைச்சு ஓட்டி எடுத்தாங்க, திரையில போடும்போது செடி சரளமாப் பாடும். பக்கத்துல நிக்கற ஹீரோ ரிக் மொரானிஸ் நிலைமைய யோசிங்க, அந்த ஷாட் எல்லாத்துலயும் மனுஷன் மெதுவா நடிச்சு, வாயையும் மெதுவா அசைக்கணும். பாத்தா கண்டே பிடிக்க முடியாது. இவ்ளோ மெனக்கெட்டு அதுக்கு உசுரு குடுத்துட்டு, சாகக் கிடக்கற ஆட்ரிய ஹீரோவே தூக்கி அதுக்கு ஊட்டுனா எவன் சார் சிரிப்பான்?

பழைய முடிவோட 2012ல டிஸ்க் வந்துச்சு, கெடைச்சா பாருங்க. மினியேச்சர் வேலை பிரமாதம், ஆனா ஆட்ரி போனப்புறம் எனக்கு எதையும் ரசிக்க மனசு வரல. நான் கல்யாணக் கட்சிதான்.

நெஜமாவே கெடுத்த கதை வேணும்னா 2005ல வந்த 'தி புரொடியூசர்ஸ்' இருக்கு. மூலம் 12 டோனி, அதாவது அமெரிக்க நாடக விருது, வாங்குன நாடகம், மேடையில டைரக்ட் பண்ண சூசன் ஸ்ட்ரோமனே படத்தையும் எடுத்தாங்க, பெரும்பாலும் மேடையில இருந்தபடியே. பால்கனிக்குக் கேக்கற மாதிரி பேசறதை க்ளோசப்ல வச்சா, காதுகிட்ட வந்து கத்தற மாதிரி இருக்கு. நான் பாதியில நிறுத்திட்டேன்.