தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும்

கேள்வி: கடந்த மாதம் எங்கள் மூன்று வயது மகளுக்குத் தட்டம்மை கண்டது. "அம்மன் வந்திருக்கிறாள், மருந்து ஆகாது" என்று மாமியார் வேப்பிலை கட்டிப் பத்தியம் காத்தார். ஐந்தாம் நாள் மூச்சு வாங்கவே மருத்துவமனையில் சேர்த்தோம், நிமோனியா என்றார்கள். இப்போது நலமாக இருக்கிறாள். ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போட்டிருந்தும் ஏன் வந்தது? சளிக்காய்ச்சலால் விட்டுப்போன இரண்டாவது ஊசி இனித் தேவையா? ஏழு மாதத் தம்பியை எப்படிக் காப்பது?
— ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மூச்சு வாங்கியதைக் கண்டதும் தயங்காமல் மருத்துவமனைக்குப் போனீர்களே, அதுவே நீங்கள் செய்த பெரிய காரியம்.

தட்டம்மை என்றால் நம் கண் தோலின் மேலேயே நிற்கிறது. குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து அந்தத் தடிப்பால் வருவதில்லை. நுரையீரல் அழற்சி, கடும் வயிற்றுப்போக்கு, அரிதாக மூளையழற்சி ஆகியவற்றால் வருகிறது. முதல் சில நாட்கள் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு என்று சாதாரணச் சளியைப் போலவே இருக்கும். அப்போது வாயைத் திறந்து விளக்கொளியில் பார்த்தால், கன்னத்தின் உட்புறம், கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, ரவை சிந்தினாற்போல் வெண்புள்ளிகள் தெரியலாம். தடிப்பு காதோரத்தில் தொடங்கிக் கீழே இறங்குவது அதற்குப் பிறகுதான். ஆனால் தடிப்புக்கு நான்கு நாள் முன்பிருந்தே தொற்று பரவுகிறது. நோயுற்ற குழந்தை எழுந்துபோன அறையின் காற்றிலும் 2 மணி நேரம் வரை வைரஸ் தங்கியிருக்கும்.

உங்கள் மாமியாரின் வேப்பிலையையும் வேண்டுதலையும் நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையைத் தனியே படுக்கவைத்து வெளியாரை வீட்டுக்குள் விடாத வழக்கம் உண்மையிலேயே நல்லது. என் வருத்தமெல்லாம் மருந்தை மறுப்பதிலும் உணவைக் குறைப்பதிலும்தான். தட்டம்மை உடலிலுள்ள வைட்டமின் ஏ சத்தை வற்றச் செய்கிறது. அது கண்பார்வையையே பறிக்கக்கூடும். அதனால்தான் ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு 2 லட்சம் அலகு வைட்டமின் ஏ மருந்தை, அடுத்தடுத்து இரண்டு நாட்கள், மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கிறார்கள். மகளுக்குக் கொடுத்தார்களா என்று மருத்துவமனைச் சீட்டில் பாருங்கள். இல்லையெனில் மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

ஒன்பதாம் மாத ஊசி ஏறத்தாழ நூற்றுக்கு 85 குழந்தைகளுக்கே பாதுகாப்புத் தருகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் சிலருக்கு அந்த வயதிலும் மிஞ்சியிருந்து ஊசியின் வேலையைக் கெடுப்பது இதற்கு ஒரு காரணம். விடுபட்டவர்களுக்காகவே 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது ஊசி. லேசான சளிக்காய்ச்சலுக்காக அதைத் தள்ளிப்போடத் தேவையில்லை. அதே ஊசி ரூபெல்லா எனும் வேறொரு வைரஸ் நோயையும் தடுப்பதால், மகள் தேறிவிட்டாலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போது போட்டுவிடுங்கள். ஐந்து வயது வரை இலவசமாகவே போடுவார்கள்.

தம்பிக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் ஊசி தவறக் கூடாது. அதற்குள் அக்கம்பக்கத்தில் யாருக்காவது தட்டம்மை கண்டு, அவனும் அருகில் இருந்திருந்தால், 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு முன்கூட்டியே ஊசி போட வழியுண்டு. அப்படிப் போட்டாலும் ஒன்பதாம் மாத ஊசியை விடலாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு நோய் முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் முன்பு கண்ட கிருமிகளைப் பற்றி உடல் வைத்திருந்த நினைவையே தட்டம்மை அழித்துவிடுவதால், பல மாதங்களுக்கு வேறு தொற்றுகள் எளிதில் தாக்கும். ஆகவே பத்தியத்தை விட்டு முட்டை, பருப்பு, கீரை, பப்பாளி எல்லாம் மகளுக்குக் கொடுங்கள். இருமலோடு காய்ச்சல் வந்தால் சட்டையைத் தூக்கி, அவள் அழாதபோது, ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். 40ஐத் தொட்டால் அன்றே மருத்துவரிடம் போங்கள். தம்பிக்கு அந்தக் கணக்கு 50.