சேலைக்கு முன்னால் சம்பளம்

கேள்வி: சிஸ்டர், கோவில்பட்டி பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறேன். 26 பெண்கள் வேலை பார்க்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு எல்லாருக்கும் சேலை எடுத்துக் கொடுக்கிறேன். கோவிலில் எல்லாருக்கும் போடும் அசன விருந்துக்கு நாலு மூட்டை அரிசி என் பொறுப்பு. எங்கள் பங்குச் சாமியார், “கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு அசனம் போட்டால் அது தர்மம் ஆகாது” என்று பிரசங்கம் வைக்கிறார். பீடத்தில் நின்று அரசியல் பேசலாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: தம்பி, சாமியார் உங்கள் பெயரைச் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் உறுத்தியிருக்கிறது. நல்லதுதான்.

அது அரசியல் என்றால் யாக்கோபும் அரசியல்வாதிதான். வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காத கூலி கூக்குரலிடுகிறது, அது ஆண்டவரின் காதுக்கு எட்டிவிட்டது என்று பைபிளில் தன் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார். பழைய ஏற்பாட்டில் லேவியர் 19-ஐயும் எடுத்துப் பாருங்கள். கூலிக்காரரின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக்கூடாது என்று இருக்கிறது. அதே அதிகாரத்தில் சற்று முன்னால், வயல் ஓரத்தை முற்றும் அறுக்காதே, ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடு என்கிறது. நிலக்காரர் அந்தக் கதிரை அள்ளிக் கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்ள முடியாது. ஏழை தானே வந்து எடுத்துக்கொண்டு போவார். அது அவர் பங்கு.

உங்களுக்கு ஏற்ற ஆள், வரி வசூலித்துப் பணக்காரரான சக்கேயுதான். அவர் இயேசுவிடம் சொன்னது இரண்டு விஷயம். சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்றார். அப்புறம், யாரையாவது ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்றார். முதலாவது தர்மம், இரண்டாவது கடன். பாதிச் சொத்தைத்தான் கொடுத்துவிட்டேனே, அதிலேயே கழித்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லவில்லை. இத்தனைக்கும், குற்றத்தைத் தானாக ஒத்துக்கொண்டால் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்கிறது எண்ணிக்கை ஆகமம். மனுஷன் நாலு மடங்குக்குப் போய்விட்டார்!

நான் அந்தப் பக்கம் மருந்தகம் பார்த்த காலத்தில் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் இருமலோடு வருவார்கள். தை மாதமானால் பாதிப் பேர் உடம்பில் முதலாளி கொடுத்த புதுச் சேலை. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) அட்டை இருக்கிறதா என்று கேட்டால் பேச்சு வராது. பத்துப் பேர் வேலை பார்த்தாலே இ.எஸ்.ஐ., இருபது பேர் ஆனால் பி.எஃப். உங்களிடம் 26 பேர். எத்தனை பேர் பெயர் பதிவேட்டில் இருக்கிறது? உங்கள் கடிதத்தில் சேலை இருக்கிறது, அரிசி இருக்கிறது, இந்தக் கணக்கு மட்டும் இல்லை. நீதிப்படி கொடுக்க வேண்டியதைத் தர்மம் மாதிரி நீட்டாதீர்கள் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலேயே பொதுநிலையினருக்கான ஏட்டில் எழுதிவிட்டது. உங்கள் சாமியார் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

சேலையை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் அந்தப் பெண்கள் என்னைத்தான் திட்டுவார்கள். பி.எஃப். கட்டுங்கள், சேலையும் எடுங்கள்.

கேள்வி: வின்சென்ட் தே பவுல் சபையில் இருக்கிறேன். வீடு வீடாகப் போய் அரிசி, மருந்துச் செலவு என்று கொடுக்கிறோம். “இதெல்லாம் ஒட்டுப்போடும் வேலை, அமைப்பை மாற்றணும்” என்று என் மகன் கேலி செய்கிறான். (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: மகனிடம் பிரெடரிக் ஓசானாம் கதையைச் சொல்லுங்கள். 1833-இல் பாரிஸில் நண்பர்களோடு உங்கள் சபையைத் தொடங்கியபோது அவருக்கு 20 வயது. ஏழைகள் வீட்டுக்கு எப்படிப் போவது, எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொடுத்தவர் ரோசாலி என்ற அருள்சகோதரி. (இந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு.) அதே ஓசானாம் பிறகு லியோனில் வணிகச் சட்டம் கற்பித்தபோது, கூலி என்பது பிழைப்புக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் முதுமைக்கும் போதவேண்டும் என்று பேசினார். படியேறி வீட்டுக்குள் போய்ப் பார்த்தவருக்குத்தான் அந்தக் கணக்கு வாயில் வரும். உங்கள் மகனையும் ஒரு ஞாயிறு கூட்டிக்கொண்டு போங்கள். முதியோர் பென்ஷன் நின்றுபோன வீடு ஒன்றாவது இருக்கும். தாலுகா ஆபீஸுக்கு மனு எழுத அவன் கை உதவும்.

கேள்வி: கோவில் வாசலில் கேட்பவர் குடிக்கத்தான் போகிறார் என்று தெரிந்தும் காசு போடலாமா?

பதில்: கேட்பவரின் நடத்தையை விசாரித்துக்கொண்டு நிற்காதே என்பது பழங்காலத் திருச்சபையின் ஆயர் கிறிசோஸ்தோமின் பேச்சு. காசு கொடுக்க மனமில்லை என்றால் இட்லி வாங்கிக் கொடுங்கள். சட்னியும் கேட்பார், கொடுங்கள்.