பெல்ட் வண்டிக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எங்களுக்கு மன்னார்குடி பக்கம் கிராமம். சம்பா அறுப்பு முடிந்த கையோடு நானும் தம்பியும் சேர்ந்து, பத்து வருஷம் ஓடிய, டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் நகரும் பழைய அறுவடை வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறோம். இன்ஜின் நன்றாக இருக்கிறது. பெயின்ட் வெளுத்துவிட்டது. பக்கத் தகடுகள் அடிப்பக்கம் துருப்பிடித்து, இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. வலது பெல்ட்டில் வெடிப்பு. முன் பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கறை. குறுவை அறுப்புக்கு வண்டியை வாடகைக்கு விட வேண்டும். கம்ப்ரசரை வாடகைக்கு எடுத்து, வீட்டு வாசலிலேயே பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறான் தம்பி. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு, வேண்டாம் என்கிறார் அம்மா. நாங்களே செய்யலாமா? எதில் தொடங்குவது? முகப்பில் குலதெய்வத்தின் பெயர் எழுதவும் ஆசை.
— வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: தாராளமாக நீங்களே செய்யலாம். ஆனால் பி.யு. வேண்டாம், அதில் அம்மா சொல்வதுதான் சரி. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வெளுத்த பெயின்ட் இல்லை, அந்த எண்ணெய்க் கறைதான். அதைப் பார்க்காமல் ஸ்பிரே கன்னைக் கையில் எடுத்தால் புரட்டாசியில் அடுத்தவர் வயலின் நடுவே பளபளவென்று ஒரு வண்டி நிற்கும், நகராது. ஆகவே கையில் இருக்கும் பணத்தைக் கீழேயிருந்து மேலே செலவழியுங்கள். முதலில் பெல்ட், அதைத் தாங்கும் ரோலர், ஆயில் சீல். அப்புறம் தகடு. கடைசியில் பெயின்ட்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வண்டியைக் கழுவ வேண்டும். இதை நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் அடிக்கும் பெயின்ட் பெரும்பாலும் கழுவலில்தான் கெடுகிறது. அறுவடை வண்டியின் மூலைமுடுக்கெல்லாம் வைக்கோல் தூசியும் பதரும் அடைந்திருக்கும். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தகட்டை உள்ளிருந்து அரிக்கும். உங்கள் பக்கத் தகடுகள் அடியில் ஓட்டையானதும் அப்படித்தான் இருக்கும். எலி கூடு கட்டுவதும், ஒயரைக் கடிப்பதும் அங்கேதான். முதலில் காற்றடித்து, குச்சியால் கிண்டி, காய்ந்த தூசி மொத்தத்தையும் வெளியே எடுங்கள். தண்ணீர் அதற்கப்புறம். பேரிங், ஆல்டர்னேட்டர், ஒயர் சாக்கெட் ஆகியவற்றின் மேல் பிரஷர் வாஷரை நேராகக் காட்டாதீர்கள். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளும் அந்த வேகத்தில் மடங்கிவிடும். அங்கே குழாய்த் தண்ணீர் போதும்.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்பது இன்னும் முக்கியம். டெல்டாவின் கடைமடைப் பகுதியில், முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கமெல்லாம் போர் தண்ணீர் உப்பு. உங்கள் ஊரில் எப்படி என்று நாக்கில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். உப்புத் தண்ணீரில் கழுவிய தகடு காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் அதன் மேல் தங்கும். அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும், உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உள்ளே இழுக்கும். ஒரே மழைக்காலத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். பெயின்ட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. கடைசி அலசலையாவது குளத்துத் தண்ணீரிலோ, தொட்டியில் பிடித்த நல்ல தண்ணீரிலோ செய்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள இடத்தை மண்ணெண்ணெயால் துடைத்தால் அதுவும் ஒரு படலத்தை விடும். அதன் மேல் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்க்க வேண்டும். அந்தக் கழுநீர் வாய்க்காலில் இறங்காதபடி அணை கட்டி, மணலோ உமியோ போட்டு உறிஞ்ச வையுங்கள். கீழே இருக்கிறவர்களின் நாற்றங்காலுக்கும் அந்த வாய்க்கால்தான்.

இனி அடிப்பாகம். வண்டி மூன்று டன் என்று வைத்துக்கொள்வோம். 45 சென்டிமீட்டர் அகலத்தில், ஒன்றரை மீட்டர் நீளத்துக்குத் தரையில் படியும் இரண்டு பெல்ட். வகுத்துப் பாருங்கள், ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோகூட வராது. டயர் வண்டி அச்சுவரை புதையும் தாளடி வயலில் பெல்ட் வண்டி தைரியமாக இறங்குவது இதனால்தான். உங்கள் வண்டிக்கு மதிப்பே அந்தப் பெல்ட்டில்தான் இருக்கிறது.

வெடிப்பு ரப்பரின் மேல்தோலோடு நிற்கிறதா, உள்ளே எஃகுக் கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். மேல்தோல் மட்டும் என்றால் இந்தப் பருவம் ஓட்டலாம். கம்பி தெரிந்தால் அதன் வழியாகச் சேற்றுத் தண்ணீர் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும், ஒருநாள் வயலிலேயே அறுந்துபோகும். மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று புதிதும் ஒன்று தேய்ந்ததுமாக இருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பெல்ட்டின் மேல் மூன்று எண்கள் அச்சாகியிருக்கும்: மில்லிமீட்டரில் அகலம், ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, மொத்தக் கண்ணிகள். கடைக்குப் போகும்போது அந்த மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள்.

வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கியதும் ஒவ்வொரு ரோலரையும் கையால் சுற்றுங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலும், மேலும் கீழும் ஆடினாலும் உள்ளே சேறு போய்விட்டது என்று பொருள். பேரிங்கும் சீலும் மாற்ற வேண்டும். பல்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல வளைந்து கூராகியிருந்தால் அது புது பெல்ட்டையும் தின்றுவிடும். முன்பக்கக் கறை அச்சு சீலிலிருந்து வரும் கியர் ஆயிலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தச் சீலின் விலை சொற்பம். அதை விட்டு ஆயில் வற்றிப்போனால் வீணாகும் கியர்களின் விலை அப்படி இல்லை. பெல்ட் எவ்வளவு தொய்வாக இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். மேனுவலில் உள்ள அளவையே வையுங்கள். தளர்ந்தால் வரப்பில் திரும்பும்போது கழன்றுவிடும், முறுக்கினால் பேரிங் போய்விடும்.

தம்பிகளே, இந்த வேலையில் உயிர் போகிற இடம் ஒன்று உண்டு. முன்னால் இருக்கும், பயிரை அறுக்கும் கட்டர் பாரை ஹைட்ராலிக்கில் தூக்கி வைத்துவிட்டு அதன் அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். ஒரு ஹோஸ் வெடித்தாலோ, ஒரு குழந்தை லீவரைத் தொட்டாலோ போதும், அது அப்படியே இறங்கும். அதற்கென்று உள்ள லாக்கைப் போடுங்கள், அதோடு கனமான மரக்கட்டையும் அண்டை கொடுங்கள். சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். ஜாக்கியும் வெறும் மண்ணில் நிற்கக் கூடாது. நம் களிமண் நம்பிக்கைக்குரியது அல்ல, அடியில் பலகை வேண்டும். லுங்கியோடு வேலை செய்யாதீர்கள்.

தகட்டு வேலைக்கு வருவோம். ஓட்டையில் பட்டியை (பள்ளம் நிரப்பும் பசையை) அடைத்து மேலே பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அறுவடை வண்டி ஓடும் நேரமெல்லாம் அதிர்கிற வண்டி. காரில் நிற்கும் பட்டி இதில் நிற்காது. வெடித்து, அந்த வெடிப்பில் ஈரம் தங்கும். துருவேறிய பாகத்தை நல்ல தகடு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் வேலை. வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். உள்ளே தூசி மிச்சம் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் வாளியில் தண்ணீரும் மணலும் இருக்கட்டும். வைக்கோல் தூசி பற்றினால் புகைந்துகொண்டே இருந்து ராத்திரியில் எரியும்.

மிச்சத் துருவுக்குக் கிரைண்டரில் ஒயர் பிரஷ், மூலைகளுக்கு உப்புத்தாள். பழைய பெயின்ட்டைத் தேய்க்கும்போது வாட்டர் பேப்பரை ஈரமாக வைத்தே தேய்க்கச் சொல்வேன். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் உள்ள பெயின்ட்டுக்கான விதி. பழைய இயந்திரத்தின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்று எண்ணிக்கொள்வதே நல்லது. அந்தத் தூசி வாசலில் படிந்து, தவழ்கிற பிள்ளையின் கை வழியாக வாய்க்குப் போகும். ஆகவே தேய்ப்பு வேலை வீட்டு வாசலில் வேண்டாம். ஈரமாகத் தேய்த்த சக்கையைச் சாக்கில் அள்ளிவிடுங்கள். தகட்டை உடனே துடைத்து வெயிலில் காய வையுங்கள். வெறும் இரும்பில் துரு திரும்பவும் ஏற ஒரு ராத்திரி போதும்.

இப்போது பி.யு. விஷயம். அதில் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஸ்பிரே செய்யும்போது அது மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு முட்டும். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டால் தடுக்காது. காற்றை வெளியேற்றும் அறையும் தனிச் சுவாசக் கருவியும் உள்ள பட்டறைக்கான பெயின்ட் அது. வயலில் உழைக்கும் வண்டிக்குச் சிந்தடிக் எனாமல் போதுமானது. கீறல் விழுந்தால் நீங்களே பிரஷ்ஷால் தொட்டுவிடலாம், அது பெரிய சௌகரியம். பிரைமருக்கு ரெட் ஆக்சைடு போதும். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர். மஞ்சளாக வரும் ஜிங்க் குரோமேட்டைத் தவிருங்கள், குரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது.

பழைய பெயின்ட்டின் மேலேயே அடிக்கப்போகும் இடங்களில் ஒரு சோதனை. பெயின்ட்டைக் கரைக்கும் என்.சி. தின்னரில் பஞ்சை நனைத்து, மறைவான இடத்தில் தேயுங்கள். பெயின்ட் கரைந்தாலோ சுருங்கினாலோ அது கம்பெனி பெயின்ட் இல்லை, விற்றவர் அவசரத்துக்கு அடித்தது. அந்த இடத்தை மொத்தமாகச் சுரண்டிவிடுவதே நல்லது, அடியில் என்ன மறைந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

எப்போது அடிப்பது? பங்குனியில் ஊரெல்லாம் உளுந்தும் பயறும் களத்தில் கிடக்கும், தூசி பறக்கும். அந்த வேலை ஓய்ந்ததும் சித்திரையில் சிமென்ட் களத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றுக்கு விட்டுவிடாதீர்கள், ஐப்பசி ஈரத்தில் நினைக்கவே வேண்டாம். காலையில் பனி ஈரம் காய்ந்த பிறகு ஆரம்பித்து, தகடு கை வைக்க முடியாமல் சுடுவதற்குள் நிறுத்திவிடுங்கள். சுடுகிற தகட்டில் பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்து சொரசொரவென்று நிற்கும். கம்ப்ரசர் தொட்டியில் சேரும் தண்ணீரை அடிக்கடி திறந்துவிடுங்கள். கனமாக ஒரே கோட்டு அடிப்பதைவிட மெல்லிசாக இரண்டு கோட்டு நல்லது. பிரைமர் அடித்த வண்டியை வாரக்கணக்கில் அப்படியே போட்டுவைக்காதீர்கள், அது ஈரத்தை உள்ளே விடும். வைக்கோல் போருக்கும் அடுப்புக்கும் தூரமாக இருங்கள். பெயின்ட் துடைத்த துணியைக் குவித்துப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்; விரித்துக் காயப்போடுங்கள்.

ஹைட்ராலிக் தண்டு, கிரீஸ் நிப்பிள், புல்லியின் பள்ளம், ரேடியேட்டர், எர்த் ஒயர் பூட்டிய இடம், இன்ஜின் எண், சேசிஸ் எண் இவற்றையெல்லாம் டேப் ஒட்டி மறைத்துவிட வேண்டும். ரப்பர் பெல்ட்டின் மேல் பெயின்ட்டும் வேண்டாம், தின்னரும் டீசலும் படவும் வேண்டாம், ரப்பர் ஊறிப்போகும். நெல் ஓடுகிற உள்பக்கத்துக்குப் பெயின்ட் வீண். உமியில் இருக்கும் சிலிக்கா உப்புத்தாளைப்போல அதைத் தேய்த்துவிடும், தேய்ந்தது நெல்லில் கலக்கும். எனக்கு ஒரு விருப்பம் உண்டு: அடிச்சட்டத்துக்கு வெளிர் சாம்பல் நிறம் அடியுங்கள். கறுப்பில் ஆயில் கசிவு தெரியாது, சாம்பலில் முதல் நாளே தெரிந்துவிடும். இன்ஜின் விசையைக் கடத்திச் சுழலும் சிறு பெல்ட்டுகளை மூடும் கவர்களைப் பளிச்சென்ற மஞ்சளில் அடித்து, ஒன்று விடாமல் திரும்பப் பூட்டுங்கள். அபாய ஸ்டிக்கர்கள் கிழிந்திருந்தால் புதிது வாங்கி ஒட்டுங்கள்.

வண்டி பதிவான வண்டி என்றால் ஆர்.சி.யில் உள்ள நிறத்தையே மேல்தகடுகளுக்கு வைத்துக்கொள்வது தொல்லையில்லாதது. பெயர் மாற்றத்துக்கு வாங்கியவர் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய கடன் பதிவு இருந்தால் கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35-உம், கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்றும் கேட்டு வாங்குங்கள். இதைப் பெயின்ட் டப்பா வாங்கும் முன்பே முடித்துவிடுவது உத்தமம்.

குலதெய்வத்தின் பெயரை அவசியம் எழுதுங்கள். கையால் எழுதும் ஆர்ட்டிஸ்ட் கிடைத்தால் அவரிடமே கொடுங்கள், எனாமல் மேல் எனாமல் எழுத்து வருஷக்கணக்கில் நிற்கும். ஸ்டிக்கர்தான் என்றால் பெயின்ட் அடித்து இரண்டு மூன்று வாரமாவது பொறுக்க வேண்டும். சரியாகக் காயாத எனாமலின் மேல் ஒட்டினால் அடியில் தின்னர் ஆவி கோத்துக் குமிழி போடும். லைட்டையும் நம்பர் பிளேட்டையும் மறைக்காமல், பயிரை உள்ளே இழுக்கும் ரீலுக்கு மேலே ஓட்டுநர் பார்வை போகும் வழியை விட்டு, கேபின் நெற்றியில் எழுதச் சொல்லுங்கள்.